பத்து மைக்ரான் வித்தியாசம்: சோம்பல் கண் உள்ள ஒருவரின் நரம்பிழைத் தடிமன்

நோயாளிக்கு வயது 38. ஈரோடு பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் தறி மெக்கானிக் வேலை. மனைவியோடு வந்தார். உட்கார்ந்ததும் மேஜைமேல் ஒரு சொட்டு மருந்துக் குப்பியையும் நாலாக மடித்த ஓ.சி.டி. (விழித்திரையை ஒளியால் அளந்து படமெடுக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டையும் வைத்தார். ஐந்து மாதமாக வலது கண்ணில் மட்டும் ராத்திரி ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறார். வேறோர் இடத்தில் கண் பரிசோதனைக்குப் போனபோது, பார்வை நரம்பு தேய்கிற நோயான கிளாக்கோமா தொடங்குகிறது என்று சொல்லி எழுதிக் கொடுத்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க டாக்டர், இவருக்கு எடது கண்ணு சின்னதுல இருந்தே மங்கலுங்க. இருக்கறது இந்த ஒரு கண்ணுதான். அதுலயும் நரம்பு தேயுதுன்னா நாங்க என்னங்க பண்றது?"

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வருபவர் தனி ஒரு மனிதர் அல்ல. இதே கோலத்தில் வந்த பலரை ஒருவராகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். அளவுகளும் இந்த வகைக் கண்களில் வழக்கமாகக் கிடைக்கிறவைதான். சிக்கல் மட்டும் அப்படியே நிஜம்.

முன்கதை

ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் முகாமில் இடது கண் குறை தெரிந்திருக்கிறது. கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். போட்டால் தலை சுற்றியது, தரை சாய்ந்தாற்போல் தெரிந்தது. இரண்டு வாரத்தில் பெட்டிக்குள் போய்விட்டது. வலது கண்ணால் கரும்பலகை நன்றாகத் தெரிந்ததால் யாரும் வற்புறுத்தவில்லை. நல்ல கண்ணை மூடிவைத்துப் பயிற்சி கொடுப்பதைப் பற்றி அவர் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. மாறுகண் இல்லை, அடிபடவில்லை, கண்புரையும் இல்லை.

இரண்டு கண்ணுக்கும் பவரில் பெரிய வித்தியாசம் இருந்தால் குழந்தையின் மூளை தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு மங்கலானதை ஒதுக்கிவிடும். ஏழெட்டு வருடம் ஒதுக்கி வைத்த பிறகு சரியான கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுப் பார்வைக்கு வராது. சோம்பல் கண் என்கிறோம். பாவம், சோம்பல் கண்ணுடையது அல்ல. கண் தன் வேலையைச் செய்து அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது, வாங்க வேண்டிய இடத்தில்தான் ஆள் இல்லை.

பரிசோதனை

வலது கண் −0.75 பவரில் 6/6, அதாவது முழுப் பார்வை. இடது கண் +4.50 பவர், கண்ணாடி போட்டும் 6/24. ஆனால் வரிசையாக இல்லாமல் ஒற்றை எழுத்தாகக் காட்டினால் 6/18 வரை படித்தார். எழுத்துகள் நெருக்கமாக இருந்தால் குழம்புவது சோம்பல் கண்ணின் பழைய அடையாளம். இடது கண்ணுக்கு முன்னால் சாம்பல் நிற ஃபில்டரை வைத்துப் பார்த்தோம், பார்வை பெரிதாக இறங்கவில்லை. நரம்பு நோயாக இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்ததுமே மளமளவென்று இறங்கியிருக்கும். ஓசியில் செய்யக்கூடிய சோதனை, ஏனோ இப்போது யாரும் செய்வதில்லை. இரண்டு கண்ணிலும் நிறம் சரியாகத் தெரிந்தது. டார்ச்சை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தபோது இரண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்கின.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் முதலில் கண்ணில் பட்டது இமை முடி. வலது பக்கம் மட்டும் நீளமாக, கருகருவென்று, இடது பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாமல். இந்தச் சொட்டு மருந்து வகையின் பக்கவிளைவு அது. மனைவி கவனித்திருந்தார், மருந்தால் என்று தெரியாது.

கண் அழுத்தம் மருந்தோடு வலதில் 13, இடதில் 16. மருந்துக்கு முன்னால் எடுத்த அளவு பழைய சீட்டிலேயே இருந்தது: 17, 16. இரண்டுமே சாதாரணம். கருவிழித் தடிமனும் இரண்டிலும் 550 மைக்ரானை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டி இருந்ததால், அழுத்தம் பொய்யாகக் குறைந்து தெரிகிறது என்று சந்தேகிக்க இடமில்லை. குடும்பத்தில் யாருக்கும் கிளாக்கோமா இல்லை.

அப்படியானால் மருந்து எதற்கு? பார்வை நரம்பு கண்ணிலிருந்து கிளம்புகிற இடமான நரம்பு முனையைப் பார்த்தபோது கொடுத்தவரின் நியாயம் புரிந்தது. வலது நரம்பு முனை பெரியது, நடுக்குழி பாதி அளவுக்கு, அதாவது 0.5. இடதில் நரம்பு முனை சின்னது, குழி வெறும் 0.2. இரண்டு கண்ணின் குழிக்கும் இடையே 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிளாக்கோமாவைச் சந்தேகப்படு என்பது மாணவப் பருவத்திலேயே மனப்பாடம் ஆகிற பாடம். அதற்கு மேல் அந்த ஓ.சி.டி. காகிதம். நரம்பிழை அடுக்கின் சராசரித் தடிமன் வலதில் 91 மைக்ரான், இடதில் 101. வலது கண்ணின் மேல்பகுதியில் ஓர் இடத்தில் மஞ்சள் நிறம், அதாவது மெலிவோ என்று சந்தேகிக்கச் சொல்கிற எச்சரிக்கை.

விழித்திரையின் மேல்பரப்பில் பத்துப் பன்னிரண்டு லட்சம் நரம்பிழைகள் படர்ந்து நரம்பு முனையில் வந்து சேர்கின்றன. அந்த அடுக்கு எவ்வளவு தடிமன் என்பதை நரம்பு முனையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு ஓ.சி.டி. அளக்கிறது. பெரியவர்களுக்கு 90, 100 மைக்ரான் சர்வ சாதாரணம், தலைமுடியைவிடக் கொஞ்சம் கூடுதல். கிளாக்கோமாவில் இந்த அடுக்குதான் தேயும். ஆரோக்கியமான மனிதரின் இரு கண்ணுக்கும் இடையே சராசரியில் சுமார் 9 மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்று சிரஸ் என்ற வகை ஓ.சி.டி. கருவியை வைத்து 2011-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இவருக்கு 10. குழி வித்தியாசம், தடிமன் வித்தியாசம், மஞ்சள் நிறம் என மூன்று சாட்சி. உண்மையைச் சொன்னால், அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருந்த ஐந்து நிமிடம் நானும் வலது கண் மேல்தான் சந்தேகப்பட்டேன்.

அப்புறம்தான் +4.50 என்று நானே எழுதிய வரி கண்ணில் பட்டது. இவ்வளவு பிளஸ் பவர் என்றால் கண் பெரும்பாலும் குட்டையாக இருக்கும்.

விடுபட்ட அளவு

கோப்பில் கண்ணின் நீளம் எங்கேயும் இல்லை. கண்புரை அறுவைக்கு லென்ஸ் பவர் கணக்குப் போட எடுக்கிற அளவுதான் அது. 38 வயதுக்காரருக்கு யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தோம். வலது 24.3 மில்லிமீட்டர், இடது 22.2. அதாவது இடது கண் 2.1 மில்லிமீட்டர் குட்டை.

ஓ.சி.டி.யையும் மறுபடி எடுத்தோம். இடது கண்ணில் முதல் படத்தைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. சோம்பல் கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்காது, ரத்தக்குழாய்கள் படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து பதிவாகியிருந்தன. நல்ல கண்ணால் வெளிவிளக்கைப் பார்க்கச் சொல்லி எடுத்த மூன்றாவது படம்தான் தேறியது. எண்கள் மாறவில்லை: 91, 101.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நரம்பு முனையைச் சுற்றிப் போடுகிற அந்த வட்டத்தின் விட்டம் 3.46 மில்லிமீட்டர் என்று கருவி சொல்லும். எந்தக் கண்ணில் 3.46? கருவி மனதில் வைத்திருக்கிற 24.46 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணில். ஓ.சி.டி. ஒளியை ஒரு கோணத்தில் அனுப்புகிறது. கண் குட்டையாக இருந்தால் அதே கோணம் விழித்திரையில் சின்ன வட்டமாக விழும், நீளமாக இருந்தால் பெரிய வட்டமாக. கோயில் சுவரில் டார்ச் அடிப்பது மாதிரிதான். கிட்ட நின்றால் வெளிச்ச வட்டம் சிறுக்கும், தள்ளி நின்றால் பெருக்கும்.

இவரிடம் இதை விளக்க அவர் தொழிலே கைகொடுத்தது. "பாவு நூலை ஒரு பக்கமாச் சேர்த்துக் கட்டினா முடிச்சுக்குப் பக்கத்துல எப்படி இருக்கும்?" என்றேன். "பருமனா இருக்குங்க. தள்ளிப் போகப் போக விரிஞ்சு மெலிசாயிரும்." "உங்க எடது கண்ணுல மெஷின் முடிச்சுக்குப் பக்கத்துல அளந்திருக்கு. வலது கண்ணுல கொஞ்சம் தள்ளி அளந்திருக்கு." சற்று யோசித்தார். "அப்ப நூல் எண்ணிக்கை ரெண்டுலயும் ஒண்ணுதானுங்களா?"

அதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கண்ணின் நீளத்திலிருந்து 1.82-ஐக் கழித்து விகிதம் பார்க்கிற பழைய பென்னட் முறை இருக்கிறது. கருவியின் கண்ணுக்கு 22.64, இடது கண்ணுக்கு 20.38, ஆக விகிதம் 0.90. எனவே இடது கண்ணில் விழுந்த வட்டம் உண்மையில் 3.11 மில்லிமீட்டர்தான். வலதில் விகிதம் 0.993, வட்டம் கிட்டத்தட்ட சொன்ன அளவே. வட்டம் எங்கே விழுந்தாலும் அதைக் கடக்கிற நரம்பிழைகளின் மொத்தம் மாறாது என்று வைத்துக்கொண்டால், தடிமனையும் அதே விகிதத்தால் பெருக்கலாம். இடது 101 என்பது 90.9 ஆகிறது. வலது 91 என்பது 90.4. பத்து மைக்ரான் வித்தியாசம் அரை மைக்ரானாகச் சுருங்கிவிட்டது.

இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் வேண்டும். இந்தக் கணக்கு நரம்பிழைகள் எல்லாத் திசையிலும் ஒழுங்காக விரிகின்றன என்று நம்புகிறது, நிஜக் கண் அவ்வளவு ஒழுங்கு கிடையாது. வேறொரு வழியிலும் பார்த்தோம். பழைய தலைமுறை ஓ.சி.டி.யில் ஆரோக்கியமானவர்களை அளந்து 2007-இல் வெளியான ஆய்வில், கண் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் அளவு சராசரியாக 2.2 மைக்ரான் குறைகிறது என்று கண்டார்கள். அதன்படி 2.1 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய நாலரை மைக்ரான்தான் கழியும், ஐந்தரை மீதி நிற்கும். அதுவும் 9-க்குள்ளேதான். அதே படத்தை அடுத்தடுத்து இருமுறை எடுத்தாலே நாலைந்து மைக்ரான் ஆடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்த மீதியில் நோயைத் தேட முடியாது.

குழிக்கும் இதே கதை. குட்டைக் கண்ணின் நரம்பு முனை சின்னது. சின்ன வாசலில் அத்தனை இழைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நுழைவதால் நடுவில் குழி விழ இடமிருக்காது. பெரிய வாசலில் அதே கூட்டம் நுழைந்தால் நடுவில் காலியிடம் தெரியும். 0.5, 0.2 என்பது அதுதான். வலது நரம்பு முனையின் விளிம்பு எங்கும் மெலியவில்லை, ரத்தக்கசிவு இல்லை. மஞ்சளாகக் காட்டிய இடத்தை முழு வரைபடத்தில் பார்த்தால் அங்கே நரம்பிழைக் கற்றை சற்றே இடம் தள்ளி ஓடுகிறது. கற்றை குறையவில்லை, நகர்ந்திருக்கிறது. வண்ணம் காட்டுகிற பட்டியல் வயதை வைத்து ஒப்பிடுகிறது. கண்ணின் நீளத்தை அது கேட்பதே இல்லை.

பார்வைப் பரப்பை அளக்கிற ஃபீல்ட் டெஸ்டில் வலது கண் சுத்தம். இடதில் ஒட்டுமொத்தமாக லேசான மந்தம், நரம்பிழைப் பாதையை ஒட்டிய குறை எதுவும் இல்லை.

எதிர்ப்பக்கக் கேள்வியையும் விட்டுவிடக்கூடாது. வலது மெலியவில்லை, சரி, இடது வீங்கியிருந்தால்? தூரப்பார்வைக் கண்ணின் நெருக்கடியான நரம்பு முனை சில நேரம் வீக்கம் போலவே தோற்றம் காட்டிப் பயமுறுத்தும். விளிம்பில் ரத்தக்குழாய்கள் மறையவில்லை, உள்ளே சுண்ணப் படிவு இல்லை, தலைவலி இல்லை. விட்டுவிட்டோம்.

இருபது வருடத் தகராறு

சோம்பல் கண்ணில் நரம்பிழை அடுக்கு மாறுகிறதா என்பது ஓ.சி.டி. வந்த பிறகு எழுந்த கேள்வி. அதற்கு முன்பு பதில் கிட்டத்தட்ட முடிவான மாதிரி இருந்தது. 1960களில் ஹூபலும் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடித் தைத்து வளர்த்தார்கள். பிறகு திறந்து பார்த்தபோது மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்கிற செல்கள் ஏறக்குறைய இல்லை. இடைவழி நிலையமான தலாமஸ் பகுதியிலும் அந்தக் கண்ணுக்கான செல்கள் சுருங்கியிருந்தன. விழித்திரை மட்டும் நன்றாகவே இருந்தது. 1981-இல் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள், சோம்பல் கண் மூளைக் கணக்கில் எழுதப்பட்டது.

ஓ.சி.டி. நுட்பம் 1991-இல் வந்தது. மைக்ரான் கணக்கில் அளக்க முடியும் என்றானதும் ஆளாளுக்கு அளக்கத் தொடங்கினார்கள். தைவானில் ஒரு குழு 2004-இல் வெளியிட்ட முடிவு பரபரப்பாகப் பேசப்பட்டது: பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பல் கண்ணில் அடுக்கு 142 மைக்ரான், மறு கண்ணில் 130. மாறுகண்ணால் வந்த சோம்பலில் வித்தியாசம் இல்லை. இந்த 130, 140 எல்லாம் அந்தக் காலக் கருவியின் எண்கள், இன்றைய கருவியின் 90, 100-உடன் ஒப்பிட்டுவிடக்கூடாது. வளர்ச்சியின்போது தேவையற்ற நரம்புச் செல்கள் உதிர வேண்டும், சோம்பல் கண்ணில் அந்த உதிர்தல் நின்றுபோகிறதோ என்று யூகித்தார்கள். அழகான யூகம்.

அமெரிக்கக் கண் மருத்துவர் லெம்பெர்ட் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனார். சோம்பல் என்று நாம் சொல்கிற கண்கள் பலவும் உண்மையில் சின்ன நரம்பு முனையோடு பிறந்த கண்கள்தான் என்பது அவர் வாதம். அப்படியென்றால் அடுக்கு மெலிந்திருக்க வேண்டும். வட அமெரிக்கக் குழந்தைக் கண் நோய் ஆய்வுக் குழு 37 குழந்தைகளை அளந்து 2009-இல் வெளியிட்டது: சோம்பல் கண்ணில் 111.4, நல்ல கண்ணில் 109.6. மெலியவும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி தடிக்கவும் இல்லை. அதே ஆண்டில் சிட்னி பள்ளிக் குழந்தைகளிடம் எடுத்த பெரிய ஆய்விலும் நரம்பிழை அடுக்கில் வித்தியாசம் இல்லை. ஆனால் விழித்திரையின் மையப் பகுதியான மேக்குலாவின் நடுப்புள்ளி மட்டும் சோம்பல் கண்ணில் 5 மைக்ரான் அளவுக்குத் தடிமனாக இருந்தது.

அந்த மேக்குலா விஷயத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். மேக்குலாவின் நடுவில் உள்ள பள்ளம் குழந்தை பிறந்த பிறகும் சில வருடம் ஆழமாகிக்கொண்டே போகிறது. மங்கலான படம் அதைத் தடுக்கிறதா என்பது நியாயமான கேள்வி. நரம்பிழை அடுக்கைப் பொறுத்தவரை என் கட்சி வேறு. பவர் வித்தியாசச் சோம்பலில் தடிமன் கூடித் தெரிகிறது, மாறுகண் சோம்பலில் தெரியவில்லை என்பதே ஒரு துப்பு. முதல் வகையில்தான் இரு கண்ணின் நீளமும் பொதுவாக வேறு வேறாக இருக்கும். சோம்பல் கண் பெரும்பாலும் பிளஸ் பவர் உள்ள குட்டைக் கண்ணாக இருக்கும். கண்ணின் நீளத்துக்கு ஏற்ப வட்டத்தைத் திருத்தாமல் இரு கண்ணையும் ஒப்பிடுகிற கட்டுரையைப் பார்த்தால் எனக்கு அதன் முடிவுப் பகுதியைப் படிக்கவே கை வருவதில்லை.

எடுத்த முடிவு

மருந்தை நிறுத்தினோம். அதற்கு அவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "போட்டுட்டே இருந்தா நல்லதுதானுங்களே, இருக்கறது ஒரு கண்ணு" என்றார் மனைவி. அவர் பயம் நியாயமானது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வுப்படி, சோம்பல் கண் உள்ளவர்களுக்கு வாழ்நாளில் இரு கண் பார்வையும் பாதிக்கப்படுகிற வாய்ப்பு 18 சதவீதம், மற்றவர்களுக்கு 10. ஆனால் அந்த நல்ல கண்ணுக்கு இந்தத் தொழிலில் கிளாக்கோமாவைவிடப் பக்கத்தில் நிற்கிற ஆபத்து வேறு. ஓடுகிற தறியிலிருந்து, குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடா தெறித்து முகத்தில் அடிப்பது அவர் பார்க்காததா? ஒருமுறை புருவத்தில் தையல் போட்டிருக்கிறார். கண்ணாடியே போடாமல் 20 வருடமாகத் தறிக்குள் குனிந்து வேலை செய்கிறார். எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எழுதிக் கொடுத்தோம். சொட்டு மருந்தைவிட அதற்குத்தான் நான் அதிக நேரம் மன்றாடினேன்.

கண்ணுக்குள் நீர் வடிகிற கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பியில் தெரிந்ததையும் சொல்ல வேண்டும். வலது கண்ணின் கோணம் நன்றாகத் திறந்திருக்கிறது. இடது குட்டைக் கண்ணில் கோணம் குறுகல். இப்போது மூடவில்லை. ஐம்பதைத் தாண்டி லென்ஸ் பருக்கும்போது கோணம் அடைபட்டு அழுத்தம் ஏறக்கூடிய கண் அதுதான். கிளாக்கோமா என்று பெயர் வைத்தது வலதுக்கு, வர வாய்ப்பிருப்பது இடதுக்கு. வருடம் ஒருமுறை கோணம் பார்க்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதினேன்.

மருந்து நிறுத்தி ஆறு வாரம் கழித்து வலது கண் அழுத்தம் 17, பழைய அளவுக்கே வந்திருந்தது. ஒரு வருடத்தில் இன்னும் இரண்டு ஓ.சி.டி. எடுத்தோம், வலது 90, 92. இனிமேல் வலது கண்ணை அதனுடைய பழைய படத்தோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும், இடது கண்ணோடு ஒப்பிடக்கூடாது என்று கோப்பின் முதல் பக்கத்தில் இரு கண்ணின் நீளத்தையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். இமை முடி இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது.

ஆறாவது வாரம் வந்தபோது கூட ஆறு வயது மகளையும் அழைத்து வந்திருந்தார்கள். நான்தான் கேட்டிருந்தேன். பவர் வித்தியாசம் சில குடும்பங்களில் அடுத்த தலைமுறைக்கும் வரும். மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்ததில் வலது +0.75, இடது +3.50, கண்ணாடி போட்டும் இடதில் 6/18. குழந்தைக்குத் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது.

"இவளுக்கும் அந்த ஸ்கேன் எடுக்கணுங்களா?" என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். நரம்பு முனை நன்றாக இருந்தது, கண்மணி நன்றாகச் சுருங்கியது. குழந்தை வயதுக்கு எங்கள் கருவியில் ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டியலும் கிடையாது. எடுத்தால் இடது தடிமனாகத்தான் வரும், அதைப் பார்த்து இன்னொருவர் வலதுக்குச் சொட்டு மருந்து எழுதினால் என்ன செய்வது?

கண்ணாடி மட்டும் கொடுத்தோம். இந்த வகைச் சோம்பலில் நாலில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குக் கண்ணாடியிலேயே சரியாகிவிடும் என்று அதே வட அமெரிக்கக் குழு 2006-இல் காட்டியிருக்கிறது. நாலு மாதத்தில் 6/12-க்கு வந்து அங்கேயே நின்றது. அதன் பிறகு வலது கண்ணுக்குத் தினம் இரண்டு மணி நேரம் பேட்ச். முதல் வாரம் பிய்த்துப் பிய்த்து எறிந்தாளாம். அப்பா தன் கண்ணிலும் ஒன்றை ஒட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், நல்ல கண்ணை மூடினால் என்ன தெரியும் என்று முதன்முறையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கடைசியாக வந்தபோது அவளுக்கு 6/9. அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து.